மறையூருக்கு வந்த இத்தாலிக்காரர் பேசிய ஜெர்மன்

1975 சனவரியில், மறையூரில் எலுமிச்சைப் புல் தைலம் வாங்க வந்த வெள்ளைக்காரரை மோசடிக்காரர் என்று நினைத்து, பாதிப் பேரத்தில் எழுந்துவிட்டேன்.

கையிலிருந்த பணத்தையெல்லாம் போட்டு, மறையூரில் காய்ச்சுகிறவர்களிடம் தைலம் வாங்கி டின்களில் அடைத்து வைத்திருந்தேன். கொச்சித் தரகர்கள் அடிமாட்டு விலை கேட்டார்கள். அந்த நேரத்தில்தான் சோப்பு செய்கிற ஜெர்மன்காரர் ஒருவர் நேரிலேயே வருகிறார் என்று தகவல் வந்தது.

எங்கள் மீனாட்சிபுரத்தில் காலை ஆறு மணிக்குப் பஸ் ஏறி, பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் மாறி, சின்னாறு காட்டைத் தாண்டி மதியம் மறையூரில் இறங்கினேன். பேச்சை மொழிபெயர்த்துச் சொல்ல ஸ்டெல்லா வந்திருந்தார். மூணாறு பக்கத்து எஸ்டேட் குடும்பத்துப் பெண். ஜெர்மனியில் நர்ஸ், லீவில் வந்தவர்.

தைலத்தை மோந்து பார்த்த வெள்ளைக்காரர், திருப்தியாகத் தன் கார்டை நீட்டினார். விலாசத்தில் இத்தாலி என்றிருந்தது. எனக்குச் சுருக்கென்றது; எழுந்துவிட்டேன்.

"ஏனுங்க நர்சம்மா, ஜெர்மன் பேசறாரு, சீட்டுல இத்தாலின்னு இருக்குது. ஆளு டூப்ளிகேட்டுங்களா?"

மெதுவாகத்தான் கேட்டேன். அந்தம்மா அதை அப்படியே அவரிடம் சொல்லிவிட்டார்! அவர் சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டார்.

"அண்ணாச்சி, நீங்க என்ன பாஷைன்னு கேக்காரு."

"தமிழுங்க."

"எந்த ஸ்டேட்டு?"

"கேரளாவுங்க. எங்க மீனாட்சிபுரம் பாலக்காட்டு ஜில்லாவுங்க."

"அப்ப நீங்களும் டூப்ளிகேட்டான்னு கேக்காரு!"

உட்கார்ந்துவிட்டேன். அவர் மண்ணில் குச்சியால் கோடு போட்டார். ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பெல்ஜியத்தில் ஒரு ஓரம், அவர் ஊர் இருக்கும் இத்தாலியின் வடக்கு மலை என்று எல்லை தாண்டித் தாண்டி ஜெர்மன் பேசுகிறார்களாம். கடல் தாண்டி பிரேசிலிலும், ஆப்பிரிக்காவின் தென்மேற்கிலும்கூட இருக்கிறார்களாம்.

"நான் ஆஸ்பத்திரியில படிச்ச ஜெர்மன் வேற, இவரு மலைப் பேச்சு வேற. உங்க கொங்குத் தமிழக் கேக்க மாதிரி காதைத் தீட்டிக்கிட்டுல்லா இருக்கேன்" என்றார் ஸ்டெல்லா.

இப்போது போகிறவர்களுக்கு: உடுமலையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். சின்னாறு செக்போஸ்டை வெளிச்சத்திலேயே தாண்டுங்கள். வழியில் யாரைப் பார்த்தாலும், பேசுகிற பாஷையை வைத்து ஊரை முடிவு கட்டாதீர்கள். அன்று எழுந்த வேகத்தில் பஸ் ஏறியிருந்தால் என் வியாபாரம் அந்த டின்களோடு முடிந்திருக்கும்.

பேசி முடித்தது இதுதான்: பாதிப் பணம் முன்னாலேயே, மீதி கொச்சியில் கப்பல் ஏறியதும். பில்லில் அவருக்கு இத்தாலி, எனக்குக் கேரளம். கடிதம் அவர் ஜெர்மனில் எழுதுவார், நான் தமிழில். நடுவில் மொழிபெயர்க்க ஸ்டெல்லா, கூலி கிலோவுக்கு ஒரு ரூபாய்.