ஏரியல் கம்பியில் காய்ந்த சட்டை

இப்போதெல்லாம் பட்டாளத்து ரேடியோ உள்ளங்கையில் அடங்கிவிடுகிறதாம். அலைவரிசையை மென்பொருளே மாற்றிக்கொள்ளுமாம். நன்றாக இருக்கட்டும். எழுபதுகளில் நான் சுமந்தது முதுகை முறிக்கும் பச்சைப் பெட்டி. கூடவே பேட்டரிகளும் சுருட்டிய ஏரியல் கம்பியும். ரோந்து போய்த் தங்கும் இடத்தில் இரண்டு மரங்களுக்கு நடுவே அந்தக் கம்பியை உயரமாக இழுத்துக் கட்டினால்தான் ஈப்போ நகரத்தில் இருந்த எங்கள் முகாமுக்குக் குரல் எட்டும். கம்பி தாழ்ந்தால் பெட்டி வெறும் பாரம்தான்.

அந்த முறை நாங்கள் தங்கியது காட்டோரம் கைவிடப்பட்ட ஒரு ரப்பர் தோட்டத்தில். காட்டுக்குள் துப்பாக்கி ஏந்திய கம்யூனிஸ்ட் ஆட்கள் நடமாடிய காலம் அது. என்னோடு ஒன்றாகப் பட்டாளத்தில் சேர்ந்த நண்பனுக்குக் காய்ச்சல் விடவே இல்லை. ஒரு மதியம் கண் சொருகிப் பிதற்ற ஆரம்பித்துவிட்டான். எங்கள் அதிகாரி, மீசை சரியாக முளைக்காத லெப்டினன்ட், உடனே ஹெலிகாப்டர் கேட்கச் சொன்னார். மலைப்பக்கம் மேகம் கூடிக்கொண்டிருந்தது. மழை பிடித்துக்கொண்டால் ஹெலிகாப்டர் வராது.

அழைத்தேன். வெறும் இரைச்சல். பேட்டரியை மாற்றி அழைத்தேன். அதே இரைச்சல். கம்பியைப் பார்க்க ஓடினேன். யாரோ ஒரு முனையை அவிழ்த்துக் கைக்கு எட்டும் உயரத்தில் கட்டியிருந்தார்கள். ஈரத் துணியின் பாரத்தில் அது தரைவரை தொய்ந்திருந்தது. லெப்டினன்ட்டுக்கு அடுத்தபடி எங்களை நடத்திய சார்ஜனின் சட்டை, கால்சட்டை, கைலி!

சார்ஜன் ஆயர் தாவார் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். நானும் தோட்டத்துப் பிள்ளைதான். இரண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு கம்பி தெரிந்தால் எங்கள் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது, துணியைக் காயப்போட்டுவிடுவோம். தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் செய்தால் சிரித்துவிட்டுப் போகலாம். அன்று எனக்கு ரத்தம் கொதித்தது. எல்லாவற்றையும் உருவிச் சேற்றில் வீசினேன்.

"டேய், என் யூனிஃபார்ம்டா அது! ஒரு வார்த்த சொன்னா எடுக்க மாட்டேனா?" என்று சார்ஜன் கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

"சொல்லிக்கிட்டு நிக்க நேரமில்ல சார்ஜன். அங்க அவன் சாவக் கெடக்கான்லா!"

அவர் கை இறங்கியதா என்றுகூட நான் பார்க்கவில்லை. மரமேறிக் கம்பியைக் கட்டினேன். ஈப்போ பதில் சொன்னது. மழைக்கு முன்பே ஹெலிகாப்டர் வந்து அவனைத் தூக்கிப் போனது.

முகாமுக்குத் திரும்பியதும் விவகாரம் வெடித்தது. எல்லார் முன்னாலும் சார்ஜனிடம் மன்னிப்புக் கேள், இல்லாவிட்டால் ரேடியோவை வேறு ஆளிடம் கொடுப்பேன் என்றார் லெப்டினன்ட். முடியாது என்றேன். அன்று மாலை சார்ஜன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எனக்குத் தோணலடா. பழக்க தோஷம்."

"அத எல்லார் முன்னாலயும் சொல்லுங்க சார்ஜன். நானும் சட்டைக்கு மன்னிப்புக் கேக்குறேன்."

அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ரேடியோ போயிற்று. மெஷின்கன்னுக்கான தோட்டா மாலைகளை என் தோளில் ஏற்றினார்கள். அந்தப் பெட்டியை நான் எவ்வளவு நேசித்தேன் என்பது அதை இன்னொருவன் முதுகில் பார்த்தபோதுதான் தெரிந்தது.  அப்போதும் மன்னிப்புக் கேட்கவில்லை.

நண்பன் ஆஸ்பத்திரியிலிருந்து பாதியாக இளைத்துத் திரும்பினான். அடுத்த ரோந்தில் எனக்குப் பின்னால் நடந்து வந்தான்.

"மன்னிப்புன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரேடியோ செட்டு உங்கிட்டயே இருந்திருக்கும்லா மச்சான்."

எனக்கு மறுபடியும் சுர்ரென்று ஏறியது. நின்று திரும்பினேன்.

"எதுக்குடா சொல்லணும்? ஒன்னக் காப்பாத்துனது தப்புன்னு என் வாயால நானே சொல்லணுமா?"

அவன் என் தோளிலிருந்து ஒரு தோட்டா மாலையைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான்.