அப்பா எழுந்து நின்ற சாயங்காலம்

பாவாடையின் ஊடாக ஏறிவரும் ஆற்றுமணலின் குளிர்ச்சிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. பாளையங்கோட்டையில் "கன்வென்ஷன்" என்று நாங்கள் சொல்லும் நற்செய்திக் கூட்டங்களுக்கு, தாமிரபரணியிலிருந்து வண்டி வண்டியாக மணல் கொண்டுவந்து மைதானம் முழுக்கப் பரப்பி, மேலே ஓலைப்பந்தல் போட்டிருப்பார்கள். பகலெல்லாம் வெயில் படாமல் கிடந்த அந்த மணல், சாயங்காலத்தில் விரித்த ஜமுக்காளத்தையும் மீறி உடம்புக்குள் ஈரமாக இறங்கும். பந்தலின் நடுவே ஒரு கயிறு. இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சாயங்காலம், எனக்கு எட்டோ ஒன்பதோ வயது, அம்மாவின் மடியில் சாய்ந்துகொண்டு கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரசங்கியார் வடக்கே மத்தியப் பிரதேசத்தில் உள்ள காட்டுக் கிராமங்களைப் பற்றிப் பேசினார். வெள்ளைத் துணியில் படம் காட்டினார்கள்: மண் குடிசைகள், காய்ச்சலில் வற்றிப்போன ஒரு மிஷனரி, அவருடைய குழந்தையைப் புதைத்த மேட்டில் நட்டிருந்த இரண்டு குச்சிகள். "இவர்களிடம் போக உங்களில் யார் ஆயத்தம்? வேலையை விட்டு, வீட்டை விட்டுப் போக ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றார். இருமல் சத்தம்கூட இல்லை. அந்த அமைதிக்குள் என் அப்பா எழுந்து நின்றார்.

அம்மாவின் கை என் தலையில் அப்படியே நின்றுவிட்டது. ஐயர் (எங்கள் சபைப் போதகரை அப்படித்தான் அழைப்போம்) மேடையிலிருந்து இறங்கிவந்து, அப்பாவின் தலையில் கை வைத்து ஜெபித்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் அப்பா வாயைத் திறந்தார்.

"கால் மரத்துப் போச்சு. உதறலாம்னுதான் எந்திச்சேன்."

அம்மா நின்றுவிட்டாள். "அப்போ அவர் சொன்னதுக்கு எந்திக்கலியா?"

"இல்ல."

நான் சிரித்தேன். சிரித்தது நான் ஒருத்திதான்.

மறுநாளே மாமா வந்துவிட்டார். அம்மாவின் அண்ணன், மார்க்கெட்டில் இரும்புக்கடை, சபைக் கமிட்டியில் பெரிய ஆள். அவர் மாதாமாதம் பணம் அனுப்பித் "தாங்கும்" மிஷனரியின் புகைப்படம் அவர் வீட்டில் புது டிவிக்கு மேலே தொங்கும். மகனை எப்படியாவது அமெரிக்காவுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று உபவாச ஜெபம் வைத்துக்கொண்டிருந்த காலம் அது.

"என்னவே மாப்ள, கால் மரத்துப் போனதுக்கா மத்தியப் பிரதேசம் போவீரு? அப்ப தும்மல் வந்திருந்தா அஸ்ஸாமா?"

அப்பாவும் சிரித்துவிட்டார். "காலைலயே போயி ஐயர்ட்ட உள்ளதச் சொல்லிட்டேன் மச்சான். ஆண்டவர் இருதயத்தத்தான் பாக்காரு தம்பி, காலை இல்ல, கவலைப்படாதீங்கன்னுட்டாரு."

"பொறவு என்ன? தீந்துச்சுல்லா."

"தீரலியே. அவர் தலையில கை வைக்கும்போதே, 'சும்மா எந்திச்சேன் ஐயரே'ன்னு சொல்லி உக்காந்திருக்கலாம்லா? உக்கார முடியல. அது ஏன்னுதான் ராத்திரிபூரா யோசிச்சேன்."

"கர்த்தருக்குக் குடுக்கணும்னா காணிக்கையக் குடும்வே. நாங்கள்லாம் குடுக்கலியா? ஆளையே குடுக்கது யாரு? கவர்மென்ட் வேலை கெடைக்காம அவனவன் நாயா அலையுதான். ஒரு பொட்டப்பிள்ளய வேற வச்சிக்கிட்டு..."

அப்பா தாலுகா ஆபீசில் கிளார்க். அந்த வேலையை விடுகிறவன் ஒன்று பைத்தியம் அல்லது குடிகாரன் என்பதுதான் ஊர்க் கணக்கு. கிறிஸ்தவர்களாகிய எங்கள் கணக்கும் அதுவேதான் என்பதை அந்த வாரத்தில் தெரிந்துகொண்டேன். ஞாயிறுதோறும் எல்லாவற்றையும் ஆண்டவர் பாதத்தில் வைத்துவிட்டதாகப் பாடுகிறவர்கள், ஒரு மனிதர் நிஜமாகவே வைக்கப் போகிறார் என்றதும் பதறிப்போய் ஒவ்வொருவராக வந்து, அவர் தப்பிக்க ஆளுக்கொரு வாசலைத் திறந்துவிட்டார்கள். அப்பா எல்லோருக்கும் காப்பி கொடுத்தார். எந்த வாசலிலும் நுழையவில்லை.

என் பயமோ வேறு மாதிரி. அதுவரை ஆண்டவரை எனக்குக் காலண்டர் படத்தில் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டிருக்கும் சாதுவாகத்தான் தெரியும். இப்போது அவர், அசந்த நேரம் பார்த்து ஒருவரைக் காலைப் பிடித்துத் தூக்கிவிடுகிறவர் ஆகிவிட்டார். நானும் ஒருநாள் மாட்டிக்கொள்வேன் என்று நடுங்கினேன். எங்கள் வேதக் கோவிலில் பாயில் உட்காரும்போது கால் மரத்துப் போகாமலிருக்க நேராக நீட்டியே வைத்திருப்பேன். "ஏட்டி, பீடத்துக்கு நேரா கால நீட்டுதியே, வீட்ல சொல்லித்தரலியா?" என்று சண்டே ஸ்கூல் டீச்சர் முழங்காலில் தட்டுவார். மடக்குவேன், அவர் திரும்பியதும் பைய நீட்டிவிடுவேன். கண்ணை மூடினால் அந்த மண்மேடும் இரண்டு குச்சிகளும் வந்தன. அப்பாவுடைய மேடு எவ்வளவு நீளம் இருக்கும் என்று நினைத்துவிட்டு, நினைத்ததற்காகவும் பயந்தேன்.

சில வாரங்கள் கழித்து மிஷனரி சங்கத்திலிருந்து ஒருவர் வந்தார். மனைவி சம்மதிக்காமல் யாரையும் அனுப்புவதில்லை என்பது அவர்கள் வழக்கமாம். மாமாவும் வந்து முன்னறையில் உட்கார்ந்திருந்தார். தங்கை ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும் என்ற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. எனக்கும் அதே நிம்மதிதான். அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர், கரப்பான்பூச்சிக்கே அலறுகிறவள். அவள் சேலையைப் பிடித்து இழுத்து, "வேண்டாம்னு சொல்லும்மா" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

"ஒங்களுக்கு சம்மதந்தானாம்மா?" என்றார் வந்தவர்.

"பயமா இருக்கு அண்ணாச்சி" என்றாள் அம்மா. மாமா தலையை ஆட்டினார். அம்மா நிறுத்தவில்லை. "சந்தோஷமா அனுப்புதேன்னு அங்கன போய்ச் சொல்லிராதீங்க. இவ அப்பா வேண்டாம்னு அவராச் சொன்னா ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்னு குதிப்பேன். ஆனா நின்னவர உக்கார வச்சது நாந்தான்னு இருக்கப்படாது. போகட்டும்."

மாமா எழுந்து செருப்பைத் தேடினார். அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

அம்மாவின் வேலை இருந்ததால் நாங்கள் இருவரும் ஊரிலேயே இருப்பது என்று முடிவாயிற்று. அப்பா மட்டும் போனார். திருநெல்வேலி ஜங்ஷனுக்கு மாமா ஒரு தடித்த கம்பளியோடு வந்து, "அங்க குளிருமாம்வே" என்று அப்பாவின் கையில் திணித்துவிட்டு, ரயில் நகரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு எங்கள் வீட்டில் பயம் ஓர் ஆள் போலக் குடியிருந்தது. போன் அடுத்த வீட்டில்தான். "டீச்சரம்மா, ஒங்களுக்குப் போனு" என்று அந்த வீட்டு ஆச்சி மதில் மேல் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டால், அம்மா ஈரக் கையோடு ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றுவிட்டுத்தான் ஓடுவாள். ஊரில் மற்ற அப்பாக்களெல்லாம் வேலைக்குத்தான் போனார்கள். என் அப்பா மட்டும் கொடுத்த வார்த்தைக்குள் போயிருந்தார்.

அவர் சாகவில்லை. கண் மஞ்சளித்து ஒருமுறை வந்தார். மலேரியா தெளிந்ததும் திரும்பிப் போனார். அவரைத் திடமானவர், பயமே அறியாதவர் என்று சபையில் புகழத் தொடங்கியிருந்தார்கள். அப்படி வந்திருந்தபோது, பயமாக இல்லையா என்று கேட்டேன். "தெனமும்தான்" என்றார். "பயம் போன பொறவுதான் போகணும்னா, எவம்ட்டி போவான்?"

இப்போது தலை நரைத்து ஊர் திரும்பி, அம்மாவோடு காய் வாங்கப் போகிறார், விலை பேசத் தெரியாமல் ஏச்சு வாங்குகிறார். நான் சென்னையில் இருக்கிறேன். துறுதுறுவென்று எல்லாவற்றுக்கும் முதலில் கை தூக்குகிறவள் நான். சபையில் ஏழைப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கவும், ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்கப் போகவும் எத்தனையோ முறை முன்வந்திருக்கிறேன். வேலை நெருக்கினால் போனில் இரண்டு வரிச் செய்தி அனுப்பி விலகிவிடுவேன். அவர்களும் கைகூப்பும் பொம்மையொன்றைப் பதிலாக அனுப்பிவிடுவார்கள். யாருக்கும் மனவருத்தம் இல்லை. பயணச்சீட்டுகூட ரத்து செய்ய முடிவதாகப் பார்த்துத்தான் எடுக்கிறேன்.

என் மகளுக்கு ஒன்பது வயது. சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், முன்வருகிறவர்கள் எழுந்து நில்லுங்கள் என்றதும் நான் எதற்கோ எழுந்து நின்றேன். பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடி வரையத் தொடங்கினாள்.