உருண்டை டின்

போன ஞாயிறு என் பழைய நண்பர் ஒருவர் என்னைக் கஞ்சன் என்று சொல்லிவிட்டுப் போனார். பொழிச்சலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, பீர்க்கன்கரணையில் இருக்கும் என் மகன் வீட்டுக்கு வந்த மனுஷர். நான் கொடுத்தது டீயும் பிஸ்கட்டும்.

மருமகள் கலா டின்னைக் கையில் எடுத்துவிட்டாள். "மாமா, சாருக்கு உருண்டை ரெண்டு வைக்கட்டுமா?"

"வேணாம்மா. உள்ளே வை."

நண்பர் சிரித்தார். "இன்னா சார், எனக்குப் பல்லு போச்சுன்னு யாராவது சொன்னாங்களா? அந்தக் காலத்துல உங்க வூட்ல தட்டு தட்டா வந்துகினு இருந்துச்சே. இப்ப கஞ்சனாயிட்டீங்களா?"

உண்மைதான். தட்டுத் தட்டாகத்தான் வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். தாம்பரத்தில் வாடகை வீடு. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு என் மனைவி சரோஜா தேறவே இல்லை. உடம்பில் புரதம் போதவில்லை என்றார் டாக்டர். கடையில் விற்ற சத்துப் பவுடர் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. நான் கெமிஸ்ட்ரி படித்தவன் இல்லையா? யோசனை சொன்னேன் — வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கொஞ்சம் எள், வெல்லம்.

இன்றும் அதையே சொல்வேன். கடலையைச் சிறு தீயில் வறுத்துத் தோல் நீக்குங்கள். பாகு காய்ச்ச வேண்டாம். வெல்லத்தோடு சேர்த்து இடித்தால், கடலை விடும் எண்ணெயிலேயே உருண்டை நிற்கும்.

யோசனை என்னுடையது. வறுத்தது, இடித்தது, பிடித்தது எல்லாம் சரோஜா. சனிக்கிழமை டின் நிறையும். ஞாயிறு மாலை என் நண்பர்கள் சீட்டாட வருவார்கள்.

நம் வீடுகளில் ஒரு வழக்கம்... டின்னில் போட்டு மூடிய பலகாரம் முதலில் விருந்தாளிகளுக்கு. பிறகு பிள்ளைகளுக்கு. செய்தவளுக்கு, மிச்சம் இருந்தால். "சரோஜா, இன்னும் நாலு கொண்டா" என்று கூடத்திலிருந்து குரல் கொடுப்பேன். மலிவு, சத்து, வீட்டிலேயே செய்தது என்று நண்பர்களுக்கு லெக்சர் வேறு. "நீ சாப்பிடலையா?" என்று என்றைக்காவது கேட்டால், "அப்புறம் சாப்பிடறேங்க" என்பாள். மிஞ்சியதை மகன் ஸ்கூலுக்கு எடுத்துப் போவான்.

மறுபடி போனபோது டாக்டர் கேட்டார்: "சொன்னதெல்லாம் சாப்பிடறீங்களாம்மா?"

சரோஜா ஒரு நொடி என்னைப் பார்த்தாள். "சாப்பிடறேன் டாக்டர். இவர்தான் வாரா வாரம் செய்யச் சொல்றாரு."

நான் பெருமையாகத் தலையாட்டினேன்.

வீடு திரும்பும் வழியிலாவது கேட்டேனா? இல்லை. அந்த மழைக்காலத்தில் வந்த காய்ச்சலைத் தாங்க அவள் உடம்பில் ஒன்றும் இல்லை. போய்விட்டாள். அவள் ஒரு உருண்டையாவது சாப்பிட்டு நான் பார்த்திருக்கிறேனா என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். நினைவுக்கு வரவில்லை.

கலா இப்போது ஏழு மாதம். இவளுடைய டாக்டரும் அதே வார்த்தையைச் சொன்னார்: புரதம் போதவில்லை. இந்த முறை வறுத்து, இடித்துப் பிடித்தது நான். பழகாத கை, உருண்டை கோணல்மாணலாக வந்தது.

நண்பரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவர் என்ன செய்வார்? கூப்பிட்டுக் கொடுத்தவன் நான். பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினேன்.

"பாவம் மாமா அவரு. ரெண்டு குடுத்திருக்கலாம்" என்றாள் கலா.

"நீ சாப்பிட்டியா?"

"அப்புறம் சாப்பிடறேன் மாமா."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். டின்னைத் திறந்து அவள் பக்கம் தள்ளினேன். அவள் மென்று முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

கஞ்சன் என்ற பெயர் இருந்துவிட்டுப் போகட்டும்.