நான் மொழிபெயர்த்த பொய்

"மூக்கடைப்புக்கெல்லாம் எம்சி கேக்காத லா. தேக்கா மார்க்கெட்டுல தைலம் வாங்கித் தடவிக்கிட்டு வேலையைப் பாரு."

சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் எனக்குக் கீழே வேலை செய்த செல்வத்துக்கு மூன்று வருடங்களாக நான் சொன்ன பதில் இதுதான். எம்சி என்னும் மருத்துவ விடுப்பு கேட்பவர்கள் எல்லோரும் நடிக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

ஒருநாள் அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு ஆங்கிலம் வராது என்பதால் மருத்துவமனைக்கு நானும் போனேன். மருத்துவர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். சைனஸைச் சுற்றி மெல்லிய கோடாக இருக்க வேண்டிய எலும்பு தடித்துப் போயிருந்தது. சைனஸ் வீக்கத்தை வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் எலும்பே இப்படி மாறிவிடுமாம். அறுவை சிகிச்சை செய்தாலும் முழுதாகக் குணமாகும் என்று சொல்ல முடியாதாம்.

"இத்தனை நாள் ஏன் வரவில்லை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் அதைத் தமிழில் கேட்டேன்.

செல்வம் தரையைப் பார்த்தபடி, "நான்தான் சும்மா விட்டுட்டேன்னு சொல்லிடுங்கண்ணே" என்றான்.

அதை அப்படியே சொன்னேன். மருத்துவர் எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதமே கம்பெனியில் அவனை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த மருத்துவக் குறிப்பில் இன்றும் அலட்சியமாக இருந்தவன் அவன்தான்.