தெரிந்துகொண்டு ஓடிய பதினொரு நாள்

முதலில் எனக்குத் தொலைந்தது ஒரு கால்மணி நேரம். நீர்வேலியில் அண்ணையின் தோட்டத்தில் வாழைக்குலை வெட்டிக்கொண்டு நின்றேன். பிறகு பார்த்தால் வரம்பில் கிடக்கிறேன். நாக்குக் கடிபட்டு வாயெல்லாம் இரத்தம். நடுவில் என்ன நடந்ததென்று இன்றைக்கும் தெரியாது. வெயில் சுட்டுவிட்டது என்றார் அண்ணை. நானும் நம்பினேன், நம்புவதற்கு வசதியாக இருந்தது.

மனைவி வசந்தி விடவில்லை. ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஈ.ஈ.ஜி. (தலையில் கம்பிகளை ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் சோதனை) எடுத்தார்கள். வலிப்பு என்றார் டொக்டர். ஐம்பத்திரண்டு வயதில் புதிதாக வலிப்பா என்று கேட்டேன். எந்த வயதிலும் வரலாம் என்றார். குளிசை (மாத்திரை) எழுதிய பிறகுதான் என்ன தொழில் என்று விசாரித்தார்.

பள்ளிக்கூட வான் (வேன்) ஓடுகிறேன் என்றேன். உரும்பிராயிலிருந்து பதின்மூன்று பிள்ளைகள்.

அவர் பேனையை வைத்துவிட்டார். "ஐயா, இது கட்டுப்பாட்டுக்கை வந்திட்டுது எண்டு நான் சொல்லுமட்டும் நீங்கள் வானைத் தொடக்கூடாது."

ஓம் என்று தலையாட்டினேன். அடுத்த நாள் காலை ஆறே முக்காலுக்கு வானை எடுத்தேன்.

உங்களில் யாருக்காவது இதே நோய் இருந்தால் என்னைத் தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் என் மண்டைக்குள் என்ன நடந்தது என்பதையும் கேளுங்கள். மூத்த மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம். சாதகம் பொருந்திவிட்டது. தகப்பனுக்கு வலிப்பு என்று தெரிந்தால், பரம்பரை என்ற ஒரு சொல்லோடு மாப்பிள்ளை வீட்டார் எழும்பிப் போய்விடுவார்கள். முதுகு நோவு என்று சொல்லி வானை நிற்பாட்டலாமே என்றாள் வசந்தி. அது பொய்யல்லவா என்றேன், பெரிய உத்தமன்போல. பொய் சொல்லமாட்டேன் என்றவன் உண்மையையும் சொல்லாமல் வான் ஓடினேன். இதில் என்ன நியாயம் என்று எனக்கே விளங்கவில்லை. குளிசை போடுகிறேன், மெதுவாகத்தானே ஓடுகிறேன் என்று காலையில் ஒரு மனம். பின்னேரம் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு வீடு திரும்பும்போது வேறொரு மனம். பதினொரு பள்ளிக்கூட நாள் இப்படிப் போயிற்று.

அடுத்து வந்த ஞாயிறு, வீட்டு முற்றத்தில் விழுந்தேன். வலிப்பு வந்தவனின் கையில் இரும்பைக் கொடுத்தால் அடங்கும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. (அப்படி ஒன்றும் செய்யாமல் ஆளைச் சரித்துப் படுக்கவைத்தால் போதும் என்று பிறகு டொக்டர் சொன்னார்.) வசந்தி பதற்றத்தில் அகப்பட்டதை எடுத்து என் கைக்குள் திணித்திருக்கிறாள். அது வான் திறப்பு (சாவி).

கண் விழித்தபோது கையில் வான் திறப்பு. வாயில் இரத்தம். சுற்றிவர ஆட்கள். எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்றுதான்: வான் ஓடும்போது வந்துவிட்டது.

"பிள்ளையள் எங்கை?"

இன்றைக்கு ஞாயிறு என்று வசந்தி திரும்பத் திரும்பச் சொன்னாளாம். எனக்கு ஏறவில்லை. வாசல் கேற்றடியில் நின்ற வானுக்குத் தவழ்ந்து போய், ஒவ்வொரு சீற்றாக (இருக்கையாக) தடவினேனாம். சீற்றெல்லாம் வெறுமையாக இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை.

அன்று பின்னேரமே வசந்தியோடு வீடு வீடாகப் போனேன். முடிவெடுத்துப் போனேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பயம்தான் கூட்டிக்கொண்டு போனது. வலிப்பு வந்திருக்கிறது, இனி ஓடமாட்டேன் என்றேன். எல்லோரும் பாவப்பட்டார்கள். தேநீர் தந்தார்கள். நேர்மையான மனிசன் என்றுகூட ஒருவர் சொன்னார், நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசி வீட்டில், இரண்டாம் வகுப்புப் படிக்கும் சிறுமியின் தாய் மட்டும் கேட்டாள். "எப்ப தொடக்கம் அண்ணை உங்களுக்குத் தெரியும்?"

வசந்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பதினொரு நாள் தெரிஞ்சுகொண்டுதான் ஓடினனான், தங்கச்சி."

அவள், விளையாடிக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டு, தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள்.

விசயம் கேள்விப்பட்ட மாப்பிள்ளை வீட்டார் இன்னும் பதில் சொல்லவில்லை. மகள் என்னோடு முன்போலவே கதைக்கிறாள். அது மன்னிப்பா, மரியாதையா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

இப்போது பஸ்ஸில் போய் மருந்தெடுக்கிறேன். தொலைந்துபோன அந்த நிமிடங்களை நினைத்து முன்பு அழுதிருக்கிறேன். இப்போது அழுவதில்லை. அந்த நேரத்தில் உடம்புதான் கிடந்தது, நான் அங்கே இல்லை. ஆனால் அந்தப் பதினொரு நாளும் நான் இருந்தேன். எந்தப் பிள்ளை எந்தச் சீற்றில் இருந்தது என்பதுகூட நினைவிருக்கிறது.