இன்னும் போணி ஆவல

இரண்டு வருஷத்துக்கு முன்னால், புதுச்சேரி கதிர்காமத்தில் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், நான் டிபன் கடை போட்டு ஒரு மாதம்கூட ஆகாத சமயத்தில் இது நடந்தது. இப்போது எழுதுவதும் கோபத்தில்தான்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பயந்த சுபாவம். சிலிண்டரை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிற ஆள். கடை போடுவது என்று முடிவானதும், புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் எங்கே சறுக்கி விழுவார்கள் என்று பார்க்கிறவர்களை எல்லாம் கேட்டேன். போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். லைசென்ஸ் எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, அந்தக் கவர் கிழிந்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு கவரில் போட்டு மாட்டினேன். பெரிய மார்க்கெட்டில் ஒரு இட்லிக் குண்டான் வாங்க மூன்று நாள் அலைந்தேன். இத்தனை ஜாக்கிரதையாக இருந்தவள் விழுந்த குழி எந்த வீடியோவிலும் வரவில்லை.

ஒரு புதன்கிழமை கடையைத் திறந்தேன். முதல் நாலைந்து நாள் வியாபாரமே இல்லை. பாதி சாம்பார் அப்படியே வீட்டுக்குத் திரும்பும். ராத்திரியும் சாம்பார், காலையிலும் சாம்பார். கடையை மூடச் சொல்லி வீட்டுக்காரர் வாய் திறக்கவில்லை. ஆனால் மூடினால் மறுபடி அடுத்தவர் வீட்டுப் பாத்திரம் தேய்க்கத்தான் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் அந்தச் சொல்தா வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். இஸ்திரி போட்ட சட்டை, தலையில் தொப்பி. ஒருநாள் காலையில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, "எம்மா, என் கை ராசியான கை. நான் போணி பண்ண கடை தோத்ததே கெடையாது. இன்னிக்குப் பாரு" என்றார். எட்டு மணிக்குள் குண்டான் காலி. சாம்பார் தீர்ந்து சட்னியை வைத்துச் சமாளித்தேன்.

மறுநாள் அவர் தாமதமாக வந்தார். அன்றைக்குக் கூட்டம் இல்லை. "நேத்து நான் போணி பண்ணேன். இன்னிக்கு எவனோ பண்ணான். வித்தியாசம் தெரியுதா?" என்றார். தெரிந்தது என்று தலையாட்டினேன். படித்தவர், வெளிநாடு பார்த்தவர், நமக்கென்ன தெரியும் என்ற நினைப்பு.

அதற்குப் பிறகு அதுவே சட்டமாகிவிட்டது. அவர் முதல் வியாபாரம் செய்யும் வரை யாருக்கும் எதுவும் கொடுக்கக் கூடாது. முதல் ஈடு இட்லி அவருக்கு. முறுகலாக இருக்கும் வடை அவருக்கு. இன்னொரு வடை கேட்டு நான் தயங்கினால், "போணி நேரத்துல இல்லன்னு சொல்லக் கூடாதும்மா" என்பார். சாப்பிட்டு முடித்து "மெர்சி, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டு போவார். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். எதிரே ஆட்டோ ஸ்டாண்டில் இருந்த தம்பி ஒருவர், "இன்னாக்கா, ஆபீசர் வந்து ரிப்பன் வெட்டினாதான் இட்லி தருவியா?" என்று கிண்டல் பண்ணினார். நான் காதில் வாங்கவில்லை. அவர் வராமல் போய்விட்டால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை.

ஒருநாள் மணி ஏழாகியும் சொல்தா வரவில்லை. இட்லி வெந்து ஆறிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து ஒரு அம்மா வேகவேகமாக வந்தார். கையில் பிளாஸ்க். கசங்கின புடவை. ரெண்டு மூன்று நாளாகத் தூங்காத கண்.

"நாலு இட்லி கட்டும்மா. இதுல வெந்நீர் ஊத்து. டாக்டர் ரவுண்ட்ஸ் வர்றதுக்குள்ள போவணும்."

"இன்னும் போணி ஆவலக்கா. கொஞ்சம் நில்லுங்க."

அவருக்குப் புரியவில்லை. "காசு குடுத்துதானே வாங்குறேன்? நான் போணி பண்ணக் கூடாதா?"

என் கண் அவர் நெற்றிக்குப் போனது. பொட்டு இல்லை. கழுத்தும் வெறுமையாகத் தெரிந்தது. நான் அதைப் பார்க்கவில்லை என்று இங்கே எழுதிவிட்டுப் போயிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

புடவைக்குள் கையை விட்டு, உள்ளே போயிருந்த மஞ்சள் கயிற்றை வெளியே இழுத்துக் காட்டினார்.

"இன்னா பாக்குற? இதோ பாத்துக்க. அவரு இன்னும் உசுரோடதாம்மா இருக்காரு."

பிளாஸ்க்கை மூடிக்கொண்டு போய்விட்டார். குண்டான் பக்கத்தில் அப்படியே நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் சொல்தா வண்டியை நிறுத்தினார். "நேத்து மேட்ச் பாத்துட்டு அசந்துட்டேம்மா. நான் வர்றதுக்குள்ள எவனுக்கும் குடுக்கலையே?"

அதுவரை நான் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசினதில்லை. அன்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். "உங்க கையும் வேணாம், உங்க ராசியும் வேணாம். இனிமே இந்தக் கடைப்படி ஏறாதீங்க. ஆஸ்பத்திரியில புருஷன் கெடக்கறான்னு வந்தவளை வெறுங்கையோட அனுப்ப வெச்சிட்டீங்களே, நீங்க மனுஷனா?" "நல்லதுக்குக் காலமில்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே சொல்தா வண்டியைக் கிளப்பினார்.

ஆட்டோக்காரத் தம்பி வந்தார். "இன்னாக்கா நீ! அவரு மொதமொதல்ல வந்தது திங்கக்கெழம. திங்கக்கெழமன்னா ஓபி கூட்டம் ரோடு வரைக்கும் நிக்கும். அன்னிக்கு நாய் வந்து போணி பண்ணாலும் உன் இட்லி வித்திருக்கும்."

அவர் மேலும் கோபம் வந்தது. "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாய்யா?" என்றேன். "நீ எங்கக்கா காது குடுத்த?" என்றார்.

இவ்வளவுதான் விஷயம். எந்தக் கிழமை எவ்வளவு கூட்டம் வரும் என்று கடை போடுவதற்கு முன்னால் பத்து நாள் அங்கே நின்று பார்த்திருக்க வேண்டியவள் நான். குண்டானுக்கு மூன்று நாள் அலைந்தேன். இதற்கு ஒரு நாள் நிற்கவில்லை.

இட்லியைக் கட்டிக்கொண்டு, தூக்குவாளியில் வெந்நீர் எடுத்துக்கொண்டு அந்தத் தம்பியின் ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பார்வையாளர் நேரம் இல்லை. வாசலில் இருந்த செக்யூரிட்டி பொறுமையாகத்தான் கேட்டார். "பேஷண்ட் பேரு இன்னாம்மா? எந்த வார்டு?" எனக்கு எதுவும் தெரியவில்லை. மஞ்சள் கயிறு கட்டின ஒரு அம்மா என்று யாரிடம் சொல்வது? ஒரு மணி நேரம் நின்றேன். பிறகு அந்தப் பொட்டலத்தை அங்கே மரத்தடியில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அதில் ஒரு நிம்மதியும் கிடைக்கவில்லை. அந்த அம்மாவை மறுபடி நான் பார்க்கவே இல்லை.

கடை இன்றும் நடக்கிறது. திங்கட்கிழமை இரண்டு பங்கு மாவு, மற்ற நாளில் அளவாக. அடுப்பைப் பற்றவைத்ததும் முதலில் வெந்நீர்தான் கொதிக்கும். பிளாஸ்க் நீட்டுகிறவர்களுக்குக் கேட்காமலே ஊற்றுவேன்.

சொல்தா இப்போது பக்கத்தில் புதிதாக வந்த ஜூஸ் கடையில் முதல் ஆளாக உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கடைக்காரரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "வயித்தெரிச்சல்ல பேசாதக்கா" என்று சிரித்தார்.

புதிதாகக் கடை போடுகிறவர்கள் என்னைக் கேட்டால், யார் பேச்சை நம்பக் கூடாது என்று சொல்லத் தெரிகிறது. ஆனால் ராசி என்று சொன்னது மட்டும்தான் சொல்தா. அந்த நெற்றியைப் பார்த்தது என் கண். அந்த அம்மாவின் புருஷன் பிழைத்து வீட்டுக்குப் போனாரா என்று தெரியாத வரைக்கும் என் மேல் எனக்கு இருக்கிற இந்தக் கோபம் ஆறாது, ஆறவும் வேண்டாம்.