அம்மை வீட்டில் வெடித்த கடுகு

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நானும் என் வீட்டுக்காரரும் வேலை பார்த்தோம். நான் கொழுந்து பறிக்கிறவள், அவருக்கு ஃபேக்டரியில் வேலை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் ஒரே தகரக் கூரைக்கு அடியில் வரிசையாக வீடுகள். நடுச்சுவர் கூரை வரைக்கும் எழும்பாது. இந்த வீட்டில் இருமினால் அடுத்த வீட்டிலிருந்து "என்ன, சளியா?" என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் என் வீட்டுக்காரருக்கு அம்மை போட்டது.

சின்னப் பிள்ளைகளுக்கு வந்தால் சீக்கிரம் உதிர்ந்துவிடும். வளர்ந்த ஆளுக்கு வந்தால் ஆளையே உலுக்கிவிடும். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை இடமில்லாமல் போட்டிருந்தது. வாய்க்குள்ளும் இருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது.

என் மாமியார் உடனே வீட்டைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார். வாசலில் வேப்பிலை செருகினார், மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அதெல்லாம் சரி, நானும் சாமி கும்பிடுகிறவள்தான். அதோடு நிற்கவில்லையே! வீட்டில் தாளிக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறக் கூடாது, முட்டை, நெய் எதுவும் வாசல்படி தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டார். அம்மனுக்குத் தாளிப்பு வாசம் ஆகாதாம். உப்பில்லாத கஞ்சித் தண்ணீரும் நீர்மோரும்தான் நோயாளிக்கு.

"ஏளா, ஆத்தா நம்ம வீட்டுக்கு எறங்கி வந்துருக்கா. எண்ணெய்ச் சட்டியத் தொட்டே, கைய ஒடிச்சிருவேன்" என்று என்னிடம் விரலை ஆட்டிச் சொன்னார்.

அம்மனுக்கு மரியாதையாக அந்த வரிசையில் இருந்த எல்லா வீட்டிலும் தாளிப்பை நிறுத்தினார்கள். ஆனால் அந்த வீடுகளின் ஆம்பளைகள் டீக்கடையில் சுடச்சுட வடையைத் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, "பத்தியம் பலமா இருக்கணும் தாயி" என்று எனக்குப் புத்தி சொன்னார்கள். எனக்கு வயிறு எரிந்தது. கடுமையான பத்தியம் யாருக்கு என்று பாருங்கள்! படுக்கையில் கிடந்து உயிருக்குப் போராடுகிறவருக்கு.

அவர் நாளுக்கு நாள் உருகிக்கொண்டே போனார். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய்விட்டது. அப்புறம் இருமல் பிடித்தது. மூச்சு விடும்போது விலா எலும்பு ஏறி இறங்குவது போர்வைக்கு மேலேயே தெரிந்தது. கஞ்சியை வாயருகே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"ஏ பிள்ள, இந்தத் தண்ணிய எடுத்துட்டுப் போ. தொண்டையில எறங்க மாட்டேங்குது. கொஞ்சம் பருப்பத் தாளிச்சுத் தாயேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். அவ்வளவு பெரிய மனுஷன் ஒரு வாய் பருப்புக்குக் கெஞ்சினார். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றேன். ஆத்தா வந்திருக்கும்போது வீட்டை விட்டு வெளியே தூக்கக் கூடாது என்று மாமியார் வாசலை மறித்தார். சரி, நானாவது போகிறேன் என்று பறிப்பை விட்டுவிட்டு எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு ஓடினேன். அங்கிருந்த டாக்டர் மலையாளி. நான் சொல்லச் சொல்ல அவர் முகம் கறுத்துப் போனது.

"வெறும் கஞ்சித் தண்ணியா? ரோகத்தோட மல்லுக்கட்டுற ஆளைப் பட்டினி போட்டா உடம்பு எதை வச்சு நிக்கும்? முட்டை கொடு, பால் கொடு, சோத்தில நெய் விடு. நாளைக்கு நானே ஜீப்பில வராம்" என்று சத்தம் போட்டார். மாத்திரையும் கொடுத்தார். வரும் வழியில் முட்டையும் நெய்யும் வாங்கி முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்தேன்.

நல்லவேளை, மாமியார் கோயிலுக்குத் தீர்த்தம் வாங்கப் போயிருந்தார். முட்டையைச் சத்தமில்லாமல் அவித்தேன். பருப்பைக் கடைந்தேன். அதை அப்படியே கொடுத்தால் அவர் தொடமாட்டார் என்று எனக்குத் தெரியும். அவர் கேட்டது தாளித்த பருப்பை. வருவது வரட்டும் என்று சட்டியைக் காயவைத்து, நெய்யை ஊற்றி, கடுகை அள்ளிப் போட்டேன்.

அடேயப்பா, ஒரு லயத்தில் கடுகு வெடிக்கும் சத்தம் இவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். "யாரு வீட்டுலடீ தாளிக்கிறது?" என்று பக்கத்து வீட்டில் குரல் எழும்பியது. அது வரிசை முழுக்கப் பரவியது. வாசம் கூரைக்கடியில் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் வாசலில் கூட்டம். அதற்குப் பின்னால் தீர்த்தச் சொம்போடு என் மாமியார்.

நான் கரண்டியைக் கையில் பிடித்தபடி நிலைப்படியில் நின்றேன். நகரவில்லை. "அவரு தின்னு முடிக்கட்டும் அத்தை. அப்பறம் என் கைய ஒடிங்க" என்றேன்.

"என் பிள்ளையக் கொல்லப் பாக்கியாளா, பாவி!" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதார். அந்த அழுகையில் பொய்யில்லை, பிள்ளை போய்விடுவான் என்ற பயம் அவருக்கும் இருந்தது. அதற்காக நான் வழி விட முடியுமா? எனக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பருப்புச்சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கினார். தட்டை வழித்து விரலையும் நக்கினார். கூட்டம் முழுக்க அதைப் பார்த்தது.

மறுநாள் டாக்டர் சொன்னபடி வந்தார். ஊசி போட்டார், வாசலில் நின்றவர்களையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். அதற்குப் பிறகு முட்டையும் பாலும் நிற்கவில்லை. இருமல் மெல்ல இறங்கியது. முத்தெல்லாம் உதிர்ந்தது.

தலைக்குத் தண்ணீர் ஊற்றும் அன்று லயமே கூடியது. முதல் வேலையாக என்னை ஈரச்சேலையோடு கோயிலைச் சுற்ற வைத்து, தாளித்த குற்றத்துக்காக அம்மனிடம் மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். சுற்றினேன். வந்து பார்த்தால் என் வீட்டுக்காரர் எல்லார் முன்னாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறார்: "எங்கம்மா வச்ச பத்தியந்தான் என்னையக் காப்பாத்துச்சு." எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது, சொல்லுங்கள்!

இப்போது நாங்கள் போடியில் இருக்கிறோம். போன மழைக்காலத்தில் அவருக்கு ஏதோ வைரஸ் காய்ச்சல் வந்து ரொம்பவே படுத்திவிட்டது. ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டரம்மா, நல்ல கொழுப்பு ரொம்பவே குறைந்திருக்கிறது என்றார். கொழுப்பில் நல்லது வேறு உண்டா என்று கேட்டேன். சிரித்தார். "உண்டும்மா. ரத்தத்துல சேர்ற கிருமிகளோட நஞ்சை ஒட்டி எடுத்துட்டுப் போறதுக்கும் அது உதவும். கடுமையான காய்ச்சல்ல அது இறங்கிடும். ரொம்ப இறங்கினவங்களுக்கு நோய் முத்தறதும் அதிகம்" என்றார்.

அந்தப் பழைய அம்மைக் கதையைச் சொல்லி, அப்படியானால் அன்றைக்கு நான் ஊற்றிய நெய்தான் அதை ஏற்றியதா என்று ஆசையாகக் கேட்டேன். "அப்படி நேரடியா ஏறாதும்மா. ஆனா கடுமையான நோயில கிடக்கறவரைப் பட்டினி போட்டா, உடம்புக்கு எதிர்த்து நிக்கவே தெம்பிருக்காது" என்றார். பிறகு அவர் பக்கம் திரும்பி, "அப்ப யாரு தாத்தா உங்களைப் பார்த்துக்கிட்டது?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எங்கம்மாதான்" என்றார்.

அவர் உயிரோடு இருப்பதே போதும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், பாதி நாள் நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்; ஆனாலும் நோயாளியைப் பட்டினி போட்டதற்குப் பெருமையையும், சோறு போட்டதற்கு ஈரச்சேலையையும் கொடுத்த அந்த லயத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.